விரலைச் சுழற்றினால் பதிவாகும்! ஜனாதிபதி ஜான்சனின் ரகசிய டெலிபோன் பேச்சுகள்

அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் டெலிபோனில் பேசும்போது சில சமயம் தன் காரியதரிசியைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காற்றில் வட்டம் போடுவார். வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். காரியதரிசி தன் மேசைக்கு அடியில் இருக்கும் யந்திரத்தை ஓட விடுவார்.

மறுமுனையில் பேசுகிறவர் மந்திரியாக இருக்கலாம். செனட் சபை உறுப்பினராக இருக்கலாம். பழைய சிநேகிதராகவும் இருக்கலாம். தான் சொல்வது வார்த்தைக்கு வார்த்தை பதிவாகிறது என்ற விஷயம் அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

1963-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி டல்லாஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றே ஜான்சன் ஜனாதிபதி ஆனார். பதவிக்கு வந்த முதல் சில நாட்களிலேயே டெலிபோன் பதிவு தொடங்கிவிட்டது. 1969 ஜனவரியில் அவர் வெள்ளை மாளிகையை விட்டுக் கிளம்பும் வரை நடந்தது. 9 ஆயிரத்துக்கும் அதிகமான பேச்சுகள் இப்போது கைவசம் இருக்கின்றன. மொத்தம் சுமார் 640 மணி நேரம். ஆபீஸ் கணக்கில் நாளைக்கு 8 மணி நேரம் கேட்டால் 80 நாள் வேலை!

டெலிபோன் ரகசியம் என்றால் பெங்களூர்க்காரர்களுக்கு 1988-ம் ஆண்டு நினைவுக்கு வரும். அரசியல்வாதிகளின் டெலிபோன்களை ஒட்டுக் கேட்ட விவகாரத்தில் சிக்கி, அந்த ஆகஸ்டு மாதம் கர்நாடக முதல்-மந்திரி ராமகிருஷ்ண ஹெக்டே ராஜினாமா செய்தார். அது மற்றவர்கள் பேசுவதைக் கேட்ட கதை. ஜான்சன் விவகாரம் வேறு மாதிரி. அவர் பதிவு செய்தது தன்னுடைய பேச்சையே. அதில் அகப்பட்டுக் கொண்டவரும் அவரேதான்.

அழிக்க முடியாத பெல்ட்

பழைய கம்பெனிகளில் ஸ்டெனோவாக இருந்தவர்களுக்கு 'டிக்டாபோன்' பழக்கமான பெயர். மானேஜர் கடிதத்தை வாயால் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார். ஸ்டெனோ அதைக் காதில் கேட்டுக்கொண்டே டைப் அடிப்பார். ஜான்சன் வைத்திருந்ததும் அதே யந்திரம்தான். அதில் காந்த நாடா கிடையாது. வளையம் போன்ற ஒரு பிளாஸ்டிக் பெல்ட் சுழலும். அதன் மேல் ஊசி கோடு கிழித்துக்கொண்டே போகும். ஒரு பெல்ட்டில் சுமார் 15 நிமிடப் பேச்சு கொள்ளும்.

இந்தப் பெல்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தடவை பதிந்ததை அழிக்க முடியாது. மேலே வேறு பேச்சைப் பதிவு செய்யவும் முடியாது. பிற்காலத்தில் நிக்சன் வைத்திருந்த காந்த நாடாவில் பதினெட்டரை நிமிடம் மாயமாக மறைந்த கதை உலகம் பூராவும் சிரிப்பாய்ச் சிரித்தது. பெல்ட்டில் அந்த வித்தை பலிக்காது.

இப்படிப் பதிவு செய்த முதல் ஜனாதிபதி ஜான்சன் அல்ல. 1940-லேயே ரூஸ்வெல்ட் கொஞ்ச காலம் செய்து பார்த்தார். கென்னடி 1962-ல் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஆனால் ஜான்சனுக்கு டெலிபோன் என்பது வெறும் கருவி அல்ல. அதுதான் அவருடைய ஆயுதம். செனட் சபையில் பல ஆண்டுகள் கட்சித் தலைவராக இருந்தபோதே டெலிபோனில் ஆளை மடக்குவதில் அவர் கைதேர்ந்தவர். யார் எதற்கு ஒப்புக்கொண்டார், எந்தத் தேதியில் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் அவருக்கு வேண்டும். அதற்காகத்தான் பதிவு.

பதிவானவற்றில் சிலவற்றைக் காரியதரிசிகள் உடனுக்குடன் டைப் அடித்தார்கள். ஜான்சனோ டெக்சாஸ்காரர். அவருடைய இழுவைப் பேச்சு எளிதில் பிடிபடாது. ஒரு பேச்சை முடிக்கும் அவசரத்தில் அவர், 'பாகிஸ்தான் அம்பாசடர்' தனக்காகக் காத்திருக்கிறார் என்று சொன்னார். டைப் அடித்த காகிதத்தில் அது 'பேக் ஆப் பாஸ்டர்ட்ஸ்' காத்திருப்பதாக இருந்தது! அதாவது, ஒரு கூட்டம் அயோக்கியப் பயல்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு சரித்திர ஆசிரியர் பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் தூதருக்கு மானம் திரும்பியது. காதில் கேட்டு டைப் அடித்துப் பழகியவர்கள் அந்தக் காரியதரிசியைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

'அறிவித்தாகிவிட்டது!'

அவர் ஆளை மடக்கும் விதத்துக்கு ஒரு உதாரணம் சொல்லலாம்.

கென்னடி கொலையை விசாரிக்க ஒரு கமிஷன் அமைக்க வேண்டியிருந்தது. சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதி வாரன் அதற்குத் தலைவர். செனட் உறுப்பினர் ரிச்சர்டு ரசலையும் அதில் போட ஜான்சன் விரும்பினார். ரசல் ஜார்ஜியா மாநிலத்துக்காரர். செனட் சபையின் ராணுவக் கமிட்டித் தலைவர். செனட்டுக்கு வந்த புதிதில் ஜான்சனை ஒரு மூத்த அண்ணன் போலக் கைபிடித்து நடத்தியவர். ரசலுக்கோ வாரனைக் கண்டால் ஆகாது.

நவம்பர் 29-ந் தேதி இரவு டெலிபோன். 'வாரனோடு என்னால் வேலை செய்ய முடியாது' என்று ரசல் மன்றாடுகிறார். ஜான்சன் அமைதியாகச் சொல்கிறார்: 'அறிவித்தாகிவிட்டது.' பத்திரிகைகளுக்குச் செய்தி போய்விட்டது என்று தெரிந்ததும் ரசலின் குரலில் வருகிற திகைப்பைப் பதிவில் கேட்க வேண்டும். கோபம், கெஞ்சல், பெருமூச்சு எல்லாம் இருக்கிறது. கடைசியில் ஒப்புக்கொண்டார். வேறு வழி?

அந்தக் குணத்தால் நாட்டுக்கு நல்லதும் நடந்தது. கறுப்பு மக்களுக்குச் சம உரிமை தரும் 1964-ம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒவ்வொரு ஓட்டாகத் திரட்ட அவர் டெலிபோனைத்தான் நம்பினார். மார்ட்டின் லூதர் கிங்கோடு 1965 ஜனவரி 15-ந் தேதி ஓட்டுரிமை பற்றிப் பேசிய பேச்சும் பதிவில் இருக்கிறது. தெற்குச் சீமையில் கறுப்பர்களுக்கு ஓட்டு மறுக்கப்படும் மிக மோசமான இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதை நாடு முழுவதும் அறியச் செய்யுங்கள் என்று ஜனாதிபதியே கிங்குக்கு யோசனை சொல்கிறார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் நிறைவேறியது.

இவ்வளவு சாமர்த்தியமான மனிதர் வியட்னாமில் போய் எப்படி விழுந்தார்?

6 குழந்தைகளுக்குத் தகப்பன்

1964 மே மாதம் 27-ந் தேதி. காலை 11 மணி ஆகப் போகிறது. ஜான்சன் ரசலைக் கூப்பிடுகிறார்.

அப்போது வியட்னாமில் இருந்த அமெரிக்கர்கள் சுமார் 16 ஆயிரம் பேர். தெற்கு வியட்னாம் ராணுவத்துக்கு ஆலோசனை சொல்லப் போனவர்கள் என்று பெயர். முழு யுத்தம் இன்னும் வரவில்லை. வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்ற நிலைமை.

வியட்னாம் விவகாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஜான்சன் கேட்கிறார். இதைவிட மோசமான சிக்கலைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்கிறார் ரசல். அந்த இடத்தால் அமெரிக்காவுக்குக் கடுகளவும் பிரயோஜனம் இல்லை என்கிறார். குண்டு வீசினால் சரியாகிவிடும் என்ற பேச்சையும் அவர் நம்பவில்லை. கொரியாவில் இரவெல்லாம் குண்டு போட்டுச் சாலையை உடைத்தோம், காலையில் பார்த்தால் அவர்கள் அதே சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள் என்று நினைவுபடுத்துகிறார். வெளியே வர ஒரு தந்திரமும் சொல்கிறார். அமெரிக்கர்களைப் போகச் சொல்லுகிற ஒரு ஆளை அங்கே தலைவராக உட்கார வைத்துவிட வேண்டும். அவன் போகச் சொன்னான், நாங்கள் வந்துவிட்டோம் என்று மூட்டை கட்டிவிடலாம்!

ஜான்சன் மறுக்கவில்லை. அவருக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அவர் மனதில் வேறொரு பயம் இருந்தது. 'ஓடி வந்துவிட்ட ஜனாதிபதியைப் பதவி நீக்கம் செய்துவிட மாட்டார்களா?' என்று கேட்கிறார். பின்வாங்கினால் உன் அரசியல் வாழ்வு அவ்வளவுதான் என்று டெக்சாஸ் நண்பர் ஒருவர் எச்சரித்ததையும் சொல்கிறார்.

பிறகு, சம்பந்தம் இல்லாதது போல ஒரு விஷயத்தைச் சொல்கிறார். தன் வீட்டில் வேலை செய்யும் ஒரு ராணுவ சார்ஜண்டைப் பற்றிய பேச்சு அது. அந்த மனிதருக்கு 6 குழந்தைகள். யுத்தத்தைப் பற்றி முடிவெடுக்க நினைக்கும்போதெல்லாம், அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, கடற்படை எல்லாமே அந்த ஒரு ஆள்தான் என்று எண்ணிக்கொள்கிறாராம். அந்த 6 குழந்தைகளின் தகப்பனை அங்கே அனுப்பி நமக்கு என்ன கிடைக்கப் போகிறது? நினைத்தாலே முதுகுத்தண்டு சில்லிடுகிறது என்கிறார் ஜனாதிபதி.

ரசலோடு பேசி முடித்த கையோடு அடுத்த டெலிபோன். இந்தத் தடவை பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பெரிய பதவியில் இருந்து வந்த மேதை. அவரிடமும் அதே புலம்பல். இரவெல்லாம் தூக்கம் இல்லை. இது இன்னொரு கொரியாவாகப் போகிறது. 10 ஆயிரம் மைலுக்கு அப்பால் போய்ச் சண்டை போட முடியாது. சண்டை போடுகிற அளவுக்கு அது மதிப்புள்ளதாகவும் தெரியவில்லை, வெளியே வரவும் முடியும் என்று தோன்றவில்லை. வியட்னாமால் எனக்கு என்ன லாபம், இந்த நாட்டுக்குத்தான் என்ன லாபம் என்று கேட்கிறார். பண்டியிடமும் அந்த சார்ஜண்டு வந்துவிடுகிறார். அன்று காலை, ஜனாதிபதி இரவு படிக்க வேண்டிய காகிதங்களைக் கொண்டு வந்து வைத்துக்கொண்டிருந்தாராம். இவரை நான் எதற்காக அங்கே அனுப்ப வேண்டும்?

பண்டியும் இது படுமோசமான சிக்கல்தான் என்று ஆமோதிக்கிறார்.

அதே பேச்சில், கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து ஓட ஆரம்பித்தால் அவர்கள் நம் சமையலறை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்துவிடுவார்கள் என்றும் ஜான்சன் சொல்கிறார். இரண்டு எண்ணங்களும் ஒரே மூச்சில் வருகின்றன. எது ஜெயித்தது என்பது உலகத்துக்குத் தெரியும்.

டோங்கினும் கால்சட்டையும்

இரண்டே மாதம் கழிந்தது. ஆகஸ்டு 2-ந் தேதி டோங்கின் வளைகுடாவில் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலை வடக்கு வியட்னாம் படகுகள் தாக்கின. 4-ந் தேதி இரவு மறுபடியும் தாக்கியதாகச் செய்தி வந்தது. காரணமில்லாமல் அடிக்கிறார்கள் என்று அமெரிக்கா உலகத்திடம் முறையிட்டது.

ஆனால் 3-ந் தேதி டெலிபோனில், முன்னாள் நிதி மந்திரி ராபர்ட் ஆண்டர்சனிடம் ஜான்சன் சொன்னது வேறு. அந்தப் பகுதியில் நாமே சில ரகசியக் காரியங்கள் நடத்திக்கொண்டிருக்கிறோம், பாலங்களை வெடிவைத்துத் தகர்ப்பது போல. அதை நிறுத்தத்தான் அவர்கள் வந்திருப்பார்கள் போலிருக்கிறது என்கிறார்.

இந்த விவரம் ஓட்டுப் போட்ட உறுப்பினர்களுக்குச் சொல்லப்படவில்லை. 7-ந் தேதி தீர்மானம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 416, எதிர்ப்பு பூஜ்யம். செனட் சபையில் 88 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. யுத்தத்துக்கு வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 4-ந் தேதி இரவு தாக்குதலே நடக்கவில்லை என்பதை அமெரிக்க உளவு அமைப்பின் சொந்தச் சரித்திர ஆய்வே சொன்னது. அந்த ஆய்வு வெளியானது 2005-ல்!

தீர்மானம் நிறைவேறிய இரண்டாம் நாள் பதிவான ஒரு பேச்சு பிற்காலத்தில் மிகவும் பிரசித்தமாகிவிட்டது. கால்சட்டை தயாரிக்கும் டல்லாஸ் கம்பெனி முதலாளியிடம் ஜனாதிபதி ஆர்டர் கொடுக்கிறார். கோடைக்கு 6 கால்சட்டை வேண்டும். தன் எடை மாதத்துக்கு 10, 15 பவுண்டு ஏறி இறங்கும். அதனால் பின்புறம் பிரித்து விட்டுக்கொள்ளத் துணி விட வேண்டும். பாக்கெட் இன்னும் ஆழம் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் சில்லறையும் பேனாக்கத்தியும் கீழே விழுந்துவிடுகிறது. மேலும் சில அந்தரங்க அளவு விவரங்களும் உண்டு. குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் அதை எழுத முடியாது.

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் தேதியைப் பார்த்தால் அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

'விடிவே தெரியவில்லை'

அந்த ஆண்டு தேர்தல். அக்டோபர் 21-ந் தேதி அக்ரான் நகரில் ஜான்சன் பிரசாரம் செய்தார். ஆசியப் பையன்கள் தங்களுக்காகச் செய்துகொள்ள வேண்டிய வேலைக்கு, 9 ஆயிரம் 10 ஆயிரம் மைல் தாண்டி அமெரிக்கப் பையன்களை அனுப்பப் போவதில்லை என்று கூட்டத்தில் சொன்னார். மக்கள் கை தட்டினார்கள். நவம்பரில் 100-க்கு 61 ஓட்டு அவருக்கு விழுந்தது. 44 மாநிலங்களில் வெற்றி!

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு யாருக்குப் பயப்பட வேண்டும்? இந்த இடத்தில்தான் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மே மாதத்தில் தேர்தல் பயம் என்றாவது சொல்லலாம். அடுத்த பிப்ரவரியில் அந்தச் சாக்கும் இல்லை.

1965 பிப்ரவரி 26-ந் தேதி ராணுவ மந்திரி மக்நமாராவோடு பேசுகிறார். போர்டு கார் கம்பெனித் தலைவராக இருந்தவர் மக்நமாரா. எதையும் புள்ளிவிவரத்தில் அளப்பவர். வடக்கு வியட்னாம் மேல் குண்டு வீசுவது என்று முடிவாகிவிட்ட நேரம். ஜான்சன் சொல்கிறார்: 'தோற்பதைவிட மோசமானது எதுவும் இருக்காது. ஜெயிக்க வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.'

மார்ச் 6-ந் தேதி மறுபடியும் ரசல். தூரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தாலும் ஒரு மனிதன் சண்டை போடலாம், வியட்னாமில் விடிவே தெரியவில்லை என்கிறார் ஜான்சன். அந்தப் பாதைக்கு முடிவே இல்லை என்கிறார் ரசல்.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 8-ந் தேதி, சுமார் 3,500 கடற்படைச் சிப்பாய்கள் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். ஜூலை 28-ந் தேதி துருப்புகள் எண்ணிக்கை 75 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 25 ஆயிரமாக உயரும் என்று ஜான்சன் அறிவித்தார். அந்த ஆண்டுக் கடைசியில் 1 லட்சத்து 84 ஆயிரம். 1968 கடைசியில் 5 லட்சத்து 36 ஆயிரம்.

யுத்தம் முடிந்தபோது இறந்த அமெரிக்கர்கள் 58 ஆயிரத்துக்கும் மேல். வியட்னாம் மக்கள் பல லட்சம் பேர். கிராமங்கள் எரிந்தன, வயல்கள் விஷ மருந்தால் கருகின.

விவரம் தெரியாமல் யுத்தத்துக்குள் போனார்கள், ஆலோசகர்கள் ஜனாதிபதியை ஏமாற்றிவிட்டார்கள் என்று ரொம்ப நாள் பேசப்பட்டது. பெல்ட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. ஜெயிக்க முடியாது என்பது முதல் சிப்பாய் கரை இறங்குவதற்கு முன்பே ஜான்சன் வாயாலேயே வந்துவிட்டது. ஆளை மடக்குவதில் சூரர் என்று பெயர் எடுத்தவர், 'இவன் கோழை' என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்பதற்குப் பயந்தார். அந்தப் பயத்துக்குக் கொடுத்த விலையை அவர் கட்டவில்லை. அப்படிப்பட்ட சார்ஜண்டுகளும், கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட 19, 20 வயதுப் பையன்களும் கட்டினார்கள்.

அவருடைய குரலில் இருக்கும் வேதனை நிஜமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்டால் மனம் கலங்கும். ஆனால் அந்த வேதனை டெலிபோனுக்குள்ளேயே நின்றுவிட்டது. மேடையில் ஏறினால் வேறு குரல். மக்நமாராவும் அப்படித்தான். தாங்கள் செய்தது தப்பு என்று அவர் வெளிப்படையாக எழுதியது 1995-ல். அப்போது யுத்தம் முடிந்து 20 ஆண்டு ஆகிவிட்டது.

'இது ராஜத் துரோகம்!'

1968 மார்ச் 31-ந் தேதி, மறுபடியும் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். எப்படியாவது சமாதானம் பேசிவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை. அக்டோபர் 31-ந் தேதி வடக்கு வியட்னாம் மேல் குண்டு வீச்சை நிறுத்துவதாக அறிவித்தார். தேர்தலுக்கு 5 நாள்தான் பாக்கி. எதிர்க்கட்சி வேட்பாளர் நிக்சன்.

திடீரென்று தெற்கு வியட்னாம் ஜனாதிபதி தியூ, பேச்சுவார்த்தைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணம் ஜான்சனுக்கு உளவுத் தகவல் மூலம் தெரிந்திருந்தது. நிக்சன் பக்கத்து ஆட்கள், 'பொறுத்திருங்கள், எங்கள் ஆட்சி வந்தால் உங்களுக்கு நல்லது' என்று சைகோனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தூது போனவர் அன்னா செனால்ட் என்ற பிரபல சீமாட்டி.

நவம்பர் 2-ந் தேதி நிக்சன் கட்சியின் செனட் தலைவர் டர்க்சனை ஜான்சன் டெலிபோனில் பிடித்தார். 'இது ராஜத் துரோகம்' என்றார். 'தெரியும்' என்றார் டர்க்சன். அவ்வளவுதான் பதில். மறுநாள் நிக்சனே பேசினார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்யாத குறை.

இதை வெளியிட்டிருந்தால் தேர்தல் முடிவே மாறியிருக்கலாம். 4-ந் தேதி ஆலோசகர்களோடு ஜான்சன் பேசினார். விஷயம் அவ்வளவு பயங்கரமானது, வெளியிட்ட பிறகும் அந்த ஆளே ஜெயித்து வந்துவிட்டால் நாட்டின் நிலைமை என்ன ஆகும் என்று ராணுவ மந்திரி கிளிபோர்டு யோசித்தார். நாட்டு நலன் கருதி வாயை மூடிக்கொண்டார்கள். நிக்சன் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் தானே இந்தக் காரியத்துக்கு உத்தரவு கொடுத்ததைக் காட்டும் உதவியாளரின் கைக்குறிப்பு 2017-ல் வெளிச்சத்துக்கு வந்தது. யுத்தம் அவர் ஆட்சியில் மேலும் 4 ஆண்டு நீடித்தது. இன்னும் 20 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கர்கள் செத்தார்கள்.

நம் நாட்டைப் பற்றியும்...

வெள்ளை மாளிகைக்கு வந்ததும் ஜான்சனின் யந்திரங்களை எடுத்துவிடச் சொன்னவர் நிக்சன். 1971 பிப்ரவரியில் அவரே புதிதாக வைத்தார். இதில் விரலைச் சுழற்றும் வேலை இல்லை. அறையில் குரல் கேட்டாலே நாடா ஓடும். எதைப் பதிவு செய்யலாம், எதை விடலாம் என்ற முடிவு ஜான்சன் கையில் இருந்தது. நிக்சன் அதையும் யந்திரத்திடம் விட்டுவிட்டார். 1973 ஜூலை 16-ந் தேதி அவருடைய உதவியாளர் பட்டர்பீல்டு விசாரணைக் கமிட்டியில் இதைப் போட்டு உடைத்தார். 1974 ஆகஸ்டு 9-ந் தேதி நிக்சன் பதவியை விட்டு இறங்கினார்.

இந்தியாவைப் பற்றி அவர்கள் பேசியதும் அந்த நாடாக்களில் இருக்கிறது. 1971 நவம்பரில் இந்திரா காந்தி வாஷிங்டன் சென்று நிக்சனைச் சந்தித்தார். மறுநாள் காலை நிக்சனும் ஆலோசகர் கிசிங்கரும் இந்திராவை எழுதக் கூசும் வார்த்தைகளால் திட்டினார்கள். 2005-ல் அது வெளியானபோது கிசிங்கர் வருத்தம் தெரிவித்தார்.

கிசிங்கர் தன் டெலிபோன் பேச்சுகளையும் தனியாகப் பதிவு செய்யச் சொல்லியிருந்தார். வேறு டெலிபோனில் காரியதரிசிகள் சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டிருந்து, அவசர அவசரமாக டைப் அடித்து வைப்பார்கள். 2004-ல் வெளியிடப்பட்டது சுமார் 20 ஆயிரம் பக்கம். டிசம்பர் யுத்தத்தின்போது ஈரான், ஜோர்டான் நாடுகள் வழியாகப் பாகிஸ்தானுக்குப் போர்விமானம் அனுப்புவதைப் பற்றி இருவரும் பேசியது அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது என்பது தெரிந்தே பேசினார்கள்.

50 ஆண்டுப் பூட்டு

பதவிக்குப் பிறகு ஜான்சன் டெக்சாஸில் தன் பண்ணைக்குப் போய்விட்டார். 1971-ல் நினைவு நூல் எழுதினார். அதில் தென்படுகிற ஜான்சன் திடமான தலைவர். மே 27-ந் தேதி காலையில் புலம்பிய மனிதரை அதில் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

பெல்ட்டுகள் பெட்டிகளில் சீல் வைக்கப்பட்டு, அவரிடம் நெடுங்காலம் வேலை பார்த்த காரியதரிசி மில்ட்ரெட் ஸ்டீகாலிடம் இருந்தன. 1973 ஜனவரி 22-ந் தேதி ஜான்சன் மாரடைப்பில் காலமானார். 5 நாள் கழித்து, 27-ந் தேதி, பாரிஸ் நகரில் வியட்னாம் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஸ்டீகால் பெட்டிகளை ஆஸ்டின் நகரில் இருக்கும் ஜான்சன் நூலகத்தில் ஒப்படைத்தார். ஜனாதிபதியின் உத்தரவையும் சொன்னார். தான் இறந்து 50 ஆண்டு ஆகும் வரை யாரும் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகும் வேண்டுமானால் மறுபடி சீல் வைத்துவிடலாம்.

அந்தக் கணக்குப்படி 2023 வரை காத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் அதுவரை தாங்குமா என்று நூலகத்தார் கவலைப்பட்டார்கள். 1990-ல் பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். கென்னடி கொலை சம்பந்தமான தஸ்தாவேஜுகளை வெளியிட வேண்டும் என்று 1992-ல் சட்டம் வந்ததும் முதல் தொகுதி வெளியே வந்தது. அடுத்தடுத்து மற்றவையும் வந்தன. ரசலோடும் பண்டியோடும் பேசிய அந்தப் பேச்சுகள் மக்கள் காதுக்கு எட்டியபோது ரசல் உயிரோடு இல்லை. பண்டியும் உயிரோடு இல்லை. 6 குழந்தைகளின் தகப்பனைப் பற்றி ஜனாதிபதி பேசியதை இப்போது யார் வேண்டுமானாலும் அவர் குரலிலேயே கேட்கலாம்.